எது முன்னதோ அது

சென்ற சனிக்கிழமை முற்பகல் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தபோது மாமா தொலைபேசியில் அழைத்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். சித்தூரில் இருக்கிறார். மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையில் லோடு ஏற்றிக் கோயம்பேட்டில் இறக்குவது அவர் தொழில். பழைய பிக்கப் ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தாமே ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது கடன் போட்டுப் புதியது எடுக்கிறார். விற்பனைக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பேசினார். "மச்சான், எக்ஸ்டெண்டட் வாரண்டி போடறீங்களான்னு கேக்கறாங்க. இருபத்து நாலாயிரம். சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம், அப்புறம் கிடைக்காதாம். நீ படிச்சவன், போடலாமா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லு."

அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. முதுகலை மொழியியல், அதன்மேல் நான்காண்டு ஆய்வு, இவற்றில் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. ஆவணத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பதினொரு பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. அன்று பிற்பகல் முழுவதும் அவற்றைப் படித்தேன். படித்ததிலிருந்து நான் வந்தடைந்த கருத்தை இங்கே எழுதுகிறேன். பொருளியலும் சட்டமும் என் துறைகள் அல்ல. அத்துறை நண்பர்கள் பிழை கண்டால் திருத்தலாம்.

மாமா ஏன் வாங்கும் மனநிலையில் இருந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாத இரவில், வாலாஜாவுக்கு அருகே அவருடைய பழைய வண்டி நின்றுபோனது. டீசல் பம்ப் பழுது. மறுநாள் கட்டி இழுத்துச் சென்று, உதிரிபாகம் வரவழைத்து, வண்டி மீண்டும் ஓட ஒன்றரை நாள் ஆயிற்று. அந்த வெயிலில் தக்காளி ஒன்றரை நாள் தாங்காது. பம்புக்கு ஆன செலவை விட, அழுகிய சரக்குக்காக மண்டிக்காரர் வாடகைக் கணக்கில் கழித்துக்கொண்ட தொகையே பெரிது. அந்த மாதம் டியூ கட்ட அக்காவின் வளையல் அடகுக்குப் போனது. இந்த இரவை மனத்தில் வைத்திருக்கும் ஒருவரிடம், "இப்ப வண்டி எல்லாம் சென்சார் அண்ணா, ரோட்டோர மெக்கானிக் கை வைக்க முடியாது" என்று விற்பனையாளர் சொன்னால் அது உள்ளே இறங்கத்தான் செய்யும். சொன்னதும் பொய்யில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 மாசு விதிகளுக்குப் பிறகு டீசல் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் பாகங்களும் உணரிகளும் பெருகிவிட்டன. பல பழுதுகளைக் கண்டறியவே கணினியை இணைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூடவே அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததில் உங்களுக்கு முக்கால் லட்சம் மிச்சம், அதில் ஒரு பகுதியைத்தானே இதில் போடுகிறீர்கள் என்று. கையில் வராத பணத்தை மிச்சம் என்று எண்ணவைத்து, அந்த மிச்சத்தைச் செலவிடவும் வைப்பது. விற்பனைக் கலையில் இது பழைய உத்தி என்றாலும் இன்னும் தேயவில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். வண்டியோடு இலவசமாக வரும் உத்தரவாதம் 3 ஆண்டுகள் அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முன்னதோ அது. பணம் கட்டி நீட்டிப்பது 5 ஆண்டுகள் அல்லது 1,50,000 கிலோமீட்டர், மீண்டும் எது முன்னதோ அது. விளம்பரத் தாளில் "5 ஆண்டுகள்" கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறது. கிலோமீட்டர் அதன் கீழே சிறிய எழுத்தில். "எது முன்னதோ அது" என்ற பகுதி ஒரு நட்சத்திரக் குறியாகச் சுருங்கி, பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மாமாவின் ஒரு நடை, சித்தூரிலிருந்து மதனப்பள்ளி போய், அங்கிருந்து சென்னை போய், வீடு திரும்ப ஏறத்தாழ 500 கிலோமீட்டர். வாரத்துக்கு நான்கு நடை. பண்டிகை, மழை, சர்வீஸ், உடல்நலக் குறைவு என்று ஆறு வாரத்தைக் கழித்துவிட்டால் ஆண்டுக்கு 90,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அப்படியானால் மூன்றாண்டு உத்தரவாதம் அவருக்குப் பதின்மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஐந்தாண்டு என்று விற்கப்படுவது இருபதாம் மாதத்தில் முடியும். கூடுதலாக இரண்டு ஆண்டு என்று சொல்லி விலை பேசப்படும் பொருள், அவர் கைக்கு வரும்போது ஏறக்குறைய ஏழு மாதம்.

இதற்கு நேரெதிரான ஒருவரையும் எண்ணிப் பாருங்கள். நகருக்குள் குடிநீர்க் கேன் போடுபவர். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால் ஆண்டுக்கு 12,000. ஐந்தாண்டு முடியும்போது அவர் வண்டி 60,000 கிலோமீட்டரில்தான் நிற்கும். அவருக்கு இரண்டு ஆண்டும் முழுமையாகக் கிடைக்கும், ஆனால் பெரிய பாகங்கள் தேயும் தொலைவை வண்டி அதற்குள் எட்டியிருக்காது. அப்படியென்றால் இந்த எண்கள் யாருக்குப் பொருந்துகின்றன? ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு. நாளொன்றுக்கு நூறு, ஆண்டுக்கு முந்நூறு நாள். மூன்றாண்டில் 90,000, ஐந்தாண்டில் 1,50,000. ஆவணம் அந்தக் கற்பனை மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. அப்படி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். வாங்கும் முன் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் ஓட்டத்தை மாதக் கணக்கில் எழுதிப் பார்ப்பதுதான். விற்பனைக் கூடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

விலையும் 24,000 அல்ல. கையில் பணமில்லாதவருக்கு அதைக் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். 11 விழுக்காட்டு வட்டியில் 48 தவணை என்றால் மாதம் 620 ரூபாய், மொத்தம் 29,800 ரூபாய்க்குச் சற்றே குறைவு. "மாசம் அறுநூத்திச் சொச்சம்தான் அண்ணா, ஒரு நாள் டீ செலவு" என்பது விற்பனையாளரின் உவமை. எந்த ஊரில் ஒரு நாள் தேநீர் அறுநூறு ரூபாய் ஆகிறது என்று கேட்க மாமாவுக்குத் தோன்றவில்லை. இருபதாம் மாதத்தில் பாதுகாப்பு தீர்ந்த பின்னரும் இருபத்தெட்டு மாதம் இந்த அறுநூறு போய்க்கொண்டே இருக்கும்.

அந்த ஏழு மாதத்தில் 60,000 ரூபாய் அளவில், ஆவணம் ஏற்கும் வகையான ஒரு பழுது நேர வேண்டும். அதுவும் இரண்டு வண்டியில் ஒன்றுக்கு என்ற வாய்ப்பில் நேர வேண்டும். அப்போதுதான் கட்டிய பணம் சராசரியில் ஈடாகும். 1 லட்சத்துக்கும் 1.5 லட்சத்துக்கும் இடையில் இரண்டில் ஒரு வண்டி அப்படி நிற்கும் என்றால், நீட்டிப்பு இருக்கட்டும், அந்த வண்டியையே வாங்கக் கூடாது.

பழுதுகளில் எவை ஏற்கப்படும் என்பது நான்காம் பக்கம் முதல் ஏழாம் பக்கம் வரை. உண்மையில் எவை ஏற்கப்படாது என்பதே அங்கே இருக்கிறது. கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, டயர், பேட்டரி, பெல்ட், ரப்பர்க் குழாய்கள், பல்புகள், வடிகட்டிகள் இல்லை. கலப்பட டீசலால் வந்த கேடு இல்லை. குறித்த கிலோமீட்டருக்குள் சர்வீஸ் செய்யத் தவறினால் இல்லை. வெளியில் கூடுதல் விளக்கோ ஒலிபெருக்கியோ பொருத்தியிருந்தால் மின்பாகங்களுக்கு இல்லை. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றியிருந்தால் எதுவுமே இல்லை. சந்தையில் வண்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி விலக்கின் கனம் தெரியும். மிகுபாரம் சட்டப்படி குற்றம். அதற்கு நான் வாதாட வரவில்லை. ஆனால் "இன்னும் பத்துப் பெட்டி போடுப்பா" என்ற மண்டியின் சொல்லை மறுத்தால் அடுத்த நடை வேறு வண்டிக்குப் போய்விடும் நிலையில் ஓட்டுபவருக்கு, ஒவ்வொரு எடைமேடைச் சீட்டும் பின்னாளில் தன் கோரிக்கையை மறுக்கப் பயன்படக்கூடிய சான்று.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி. பழுதினால் பின்தொடரும் இழப்புகள் எதற்கும் நிறுவனம் பொறுப்பேற்காது. அதாவது வண்டி நின்ற நாளின் வாடகைக்கும், ஏற்றியிருந்த சரக்குக்கும். வாலாஜா இரவில் மாமாவை உண்மையில் வீழ்த்தியது பம்ப் அல்ல, தக்காளி. அந்த இரவுக்கு அஞ்சித்தான் அவர் இதை வாங்கப் போனார். அந்த இரவு இதில் இல்லவே இல்லை.

இதையெல்லாம் நான் அடுக்கிச் சொன்னபோது மாமா மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டார். "சரி, பெருசா ஒண்ணு வந்து நின்னுட்டா? எங்கிட்ட இருக்கிறது ஒரே வண்டி." இங்கே நான் என்னைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சராசரியில் நட்டம், ஆகவே வேண்டாம் என்று சொல்வது நம்மைப் போன்றவர்களுக்கு எளிது. உதவித்தொகை மாதாமாதம் வரும், அல்லது வராவிட்டாலும் விடுதியில் சோறு கிடைக்கும். நூறு வண்டி வைத்திருப்பவர் சராசரியில் வாழலாம். ஒரு வண்டிக்காரருக்குச் சராசரி என்ற ஒன்றே இல்லை. இரண்டு டியூ தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் நட்டக் கணக்கில் காப்புறுதி வாங்குவது அறியாமை ஆகாது.

மாதம் 2,000 ரூபாயை வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டுவையுங்கள், இருபது மாதத்தில் 40,000 உங்கள் கையில் இருக்கும், கிளட்ச் போனாலும் எடுக்கலாம், டயர் போனாலும் எடுக்கலாம் என்றேன். "பேங்க்ல போட்டா ஜூன் மாசம் உங்க அக்கா ஸ்கூல் ஃபீஸ் கட்டிடுவா" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கைக்கெட்டாத இடத்தில் பணம் பூட்டிக் கிடப்பதற்கு ஒரு விலை உண்டு, சிலருக்கு அந்த விலையைக் கொடுப்பது நியாயமாகவும் இருக்கலாம். இவ்வளவும் ஏற்ற பின்னும் என் கருத்து மாறவில்லை. பெரிய பழுதுக்கு அஞ்சுபவருக்கு, அந்தப் பழுது வரக்கூடிய காலத்தில் பாதுகாப்பு வேண்டும். இயந்திரங்களின் பழுது, தொடக்கத்தில் சற்று மிகுந்து, நடுவில் நெடுங்காலம் தாழ்ந்து, முதுமையில் மீண்டும் ஏறும் என்பது பொறியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே வரையும் கோடு. மாமா வாங்கவிருந்த ஏழு மாதம் அந்தத் தாழ்ந்த நடுப்பகுதியில் விழுகிறது. 3 லட்சம் கிலோமீட்டர் வரை என்று யாராவது விற்றால், விலை கூடினாலும், நானே போடச் சொல்வேன்.

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை பலருக்கும் தெரிந்திருக்கும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடும் என்பது அதன் பொருள். அந்தக் குறையை ஈடுகட்டும் வழிகளில் ஒன்றாக உத்தரவாதத்தை அவர் குறிப்பிடுகிறார். இலவசமாக வரும் உத்தரவாதத்துக்கு அது பொருந்தும். தன் பொருள்மீது செய்தவன் வைக்கும் பந்தயம் அது. பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு வேறு சரக்கு. அதன் தரத்தை வாங்குபவர் அறிய ஒரே வழி அந்தப் பதினொரு பக்கங்களைப் படிப்பது. அவை ஆங்கிலத்தில் இருந்தன.

என் துறைக்கு வந்துவிட்டேன். மாமா தெலுங்கு வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆங்கிலத்தில் தன் பெயரையும் வண்டி எண்ணையும் அடையாளம் காண்பார். பதினோராம் பக்கத்தின் அடியில், மேற்கண்ட அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன் என்ற வாக்கியமும் கையெழுத்துக் கட்டமும் இருந்தன. வாக்குறுதி தருவது, பெயரிடுவது போன்ற சொற்கள் ஒன்றை விவரிப்பதில்லை, ஒன்றைச் செய்கின்றன என்று ஆஸ்டின் காட்டியதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அத்தகைய சொற்செயல் நிறைவேறச் சில சூழல்கள் அமைய வேண்டும் என்றும் படித்திருக்கிறோம். தனக்குத் தெரியாத மொழியில், தான் புரிந்துகொண்டதாக ஒருவர் உறுதிகூறுவது என்ன வகைச் செயல் என்பதற்கு எந்த வகுப்பிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

விற்பனையாளர் தெலுங்கில்தான் பேசினார். பழுது வந்தால் என்ன செய்வது என்று மாமா கேட்டதற்கு அவர் சொன்ன விடை: "மனம் சூசுகுந்தாம் அண்ணா." நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். தமிழில் நாம், நாங்கள் என்று இருப்பதைப் போலத் தெலுங்கில் மனம், மேமு. முதலது கேட்பவரையும் உள்ளடக்கும், இரண்டாவது விலக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்த வேறுபாடு இல்லை. ஆவணம் முழுவதும் நிறுவனம் தன்னைத் தன்மைப் பன்மையில்தான் குறிப்பிடுகிறது. நாங்கள் தீர்மானிப்போம், எங்கள் முடிவே இறுதியானது, நாங்கள் பொறுப்பல்ல. இதைத் தமிழிலோ தெலுங்கிலோ பெயர்க்க உட்காரும் எவரும் முதல் வரியிலேயே நாமா நாங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரே இடத்தில்கூட நாம் என்று போட முடியாது. மேசைக்கு இந்தப்புறம் "மனம்", தாளுக்குள் "மேமு". மாமா வாங்கவிருந்தது முதலதை. கையெழுத்திடவிருந்தது இரண்டாவதில்.

சொற்பிறப்பில் ஆர்வமுள்ளவர்களுக்காக ஒரு சிறு விலகல். மாமா வாரண்டி, கேரண்டி இரண்டையும் ஒன்றாகவே புழங்குகிறார். வரலாற்றில் அவர் சொல்வது சரி. இரண்டும் ஒரே ஜெர்மானிய மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு இரண்டு முறை வந்தவை. வடக்குப் பிரெஞ்சு வழக்கு வகர ஒலியோடும், மையப் பிரெஞ்சு வழக்கு ககர ஒலியோடும் தந்தன. சட்டத்தில் மட்டும் அவை பிரிந்துவிட்டன. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி வாரண்டி மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், பொருளைத் திருப்பித் தர முடியாது. நம் உத்தரவாதம் என்ற சொல்லிலோ உத்தரம், அதாவது பதில், இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதவி எண்ணை மூன்று முறை அழைத்துப் பார்த்தேன், பதில் இல்லை. சனிக்கிழமை என்பதால் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பு நடைமுறைக்கு ஒவ்வாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே மேசையில், அதே அரைமணி நேரத்தில், கடனுக்கான இரண்டு பக்க விவரத் தாள் மாமாவிடம் தெலுங்கில் தரப்பட்டது. வட்டி, கட்டணங்கள், மொத்தச் செலவு எல்லாம் அதில் இருந்தன. அவரே படித்தார். காரணம் எளிது. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் வழங்கும் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும், அதை விளக்கிச் சொல்லவும் வேண்டும் என்கிறது. கட்டாயம் இருந்த இடத்தில் தெலுங்கு வந்துவிட்டது. அந்தக் கடனுக்குள்ளேயே செருகப்படும் 24,000 ரூபாய்ச் சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே மொழியும் இல்லை. இரண்டு பக்கம் போதும். எது அடங்கும், எது அடங்காது, உங்கள் ஓட்டத்தில் எந்த மாதம் முடியும். இதை நாம், மொழித்துறைகளில் இருப்பவர்கள், கேட்டிருக்க வேண்டும். சங்க இலக்கியத்தை ஐந்து மொழிகளில் பெயர்க்க நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிய கை என்னுடையது, அதற்காக வருந்தவில்லை. ஆனால் ஓர் உத்தரவாதத் தாளைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு என்றே இதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சட்டம் பற்றி ஒன்று, இது வண்டி வாங்கும் எவருக்கும் பயன்படும். வணிகத்துக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7)இன் விளக்கம், சுயதொழிலில் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரை நுகர்வோராகவே கருதுகிறது. பழைய சட்டத்தின் கீழ் 1995இல், லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில், உச்ச நீதிமன்றம் லாரியையே எடுத்துக்காட்டாகச் சொன்னது. தானே ஓட்டுவதற்காக வாங்கியவர் நுகர்வோர். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கியவர் அல்லர். மாமா அடுத்த ஆண்டு முதுகுவலி காரணமாக ஓட்டுநர் ஒருவரை அமர்த்தும் எண்ணத்தில் இருக்கிறார். அதன் பின் ஒரு பிணக்கு வந்தால் இந்த வேறுபாட்டை எதிர்த்தரப்பு எழுப்பாமல் விடாது. இப்போதைய சட்டத்தில் புகாரை வாங்கிய ஊரில்தான் தர வேண்டும் என்றில்லை. தான் வசிக்கும் இடத்திலேயே தரலாம்.

மாலை ஐந்து மணிக்கு மாமாவை அழைத்தேன். மூன்றாம் பக்கத்தில், நீட்டிப்பை இலவச உத்தரவாதம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், தாமதமாகும்தோறும் கட்டணம் கூடும், அவ்வளவுதான் என்று தெளிவாக இருந்தது. இன்று மாலைக்குள் என்ற கெடு ஆவணத்தில் எங்கும் இல்லை. அதை மட்டும் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு தெலுங்கில் யாரிடமோ ஏதோ சொன்னார். நீட்டிப்பு இல்லாமல் வண்டி எடுத்தாயிற்று.

அக்கா மாதம் 2,000 ரூபாய்க்குச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் அதற்கு வண்டிச் சீட்டு என்று பெயர். அது எந்த அளவுக்கு வண்டிச் சீட்டாகவே இருக்கும் என்பது ஜூன் மாதம் தெரியும். பதினொரு பக்கத்தையும் ஒன்றரைப் பக்கத் தமிழாக எழுதி அனுப்பினேன். அக்கா படித்துக் காட்டியிருக்கிறாள். மாமா அதை மதனப்பள்ளிக்கு எடுத்துப்போக, நேற்று அங்கே நான்கு பேர் படம் பிடித்துக்கொண்டார்களாம். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தெலுங்கில் வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தெலுங்கு பேச்சளவில் வரும். இந்த மாதிரி எழுத்துக்குப் போதாது. தெலுங்குத் துறையிலோ சட்டத்துறையிலோ இருக்கும் நண்பர்கள் ஒரு பிற்பகல் ஒதுக்க முடிந்தால் சொல்லுங்கள். பின்தொடரும் இழப்பு என்பதற்கு மாமாவின் சொல் "அழுகின தக்காளிக் கணக்கு". தெலுங்கிலும் அதையே போடலாம் என்று நினைக்கிறேன்.